தேர்தல் முடிந்த ஞாயிறு

2024 மக்களவைத் தேர்தலின் முடிவு ஜூன் 4, செவ்வாய்க்கிழமை வந்தது. அடுத்த ஞாயிறு ஜூன் 9. அன்று காலை ஆலய மணி அடித்தபோது புதிய அரசு இன்னும் பதவியேற்கவில்லை. பழைய அரசு ராஜினாமா கொடுத்துவிட்டது. புதியது அமையும்வரை தொடரச் சொல்லியிருந்தார் குடியரசுத் தலைவர். பதவியேற்பு அன்று மாலை 7.15-க்கு. ஆக, காலை ஆராதனையில் "எங்கள் பிரதமருக்காக" என்பதா, "பிரதமராகப் போகிறவருக்காக" என்பதா என்ற இடத்திலேயே ஜெபம் எழுதுகிறவருக்குப் பேனா நின்றுவிடும். அது சின்னச் சிக்கல். பெரிய சிக்கல் அதற்கு முந்தின வரியில் இருக்கிறது: "தேர்தல் முடிவுக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம்." எந்த முடிவுக்காக?

அந்தத் தேர்தலின் கணக்கைப் பாருங்கள். பெரும்பான்மைக்கு 272 வேண்டும்; பாஜகவுக்குத் தனியாக 240, கூட்டணியோடு 293. காங்கிரஸ் 52-லிருந்து 99-க்கு ஏறியது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் திமுக கூட்டணிக்குப் போயின. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரில் ஒருவர் மாநில முடிவுக்குச் சிரித்து, டெல்லி முடிவுக்கு முகம் சுளிப்பார். அடுத்தவருக்கு அப்படியே தலைகீழ். அதிமுகவுக்குப் போட்டவருக்கு இரண்டிலும் ஒன்றுமில்லை. கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கம்தான் ஓட்டுப் போடுகிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். சபைக் கமிட்டியில் ஒரு தடவை உட்கார்ந்தவர் அப்படி நினைக்கமாட்டார்.

இந்த இடத்தில் பெரும்பாலான சபைகள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. ஒன்று, தேர்தலே நடக்காததுபோல் கடந்துபோவது. மற்றொன்று, மைக்கைப் பிடித்தவர் தன் மனதில் இருப்பதை ஜெபமாகக் கொட்டிவிடுவது. இரண்டுமே வேதம் கேட்பதை விட்டு விலகுகின்றன. முதலாம் தீமோத்தேயு 2-ம் அதிகாரம் விண்ணப்பம், ஜெபம், வேண்டுதல் என்பவற்றோடு ஸ்தோத்திரத்தையும் சேர்த்துத்தான் எல்லா மனுஷருக்காகவும், ராஜாக்களுக்காகவும், அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஏறெடுக்கச் சொல்கிறது. மரபுப்படி அந்த நிருபம் ரோமச் சக்கரவர்த்தி நீரோ ஆண்ட காலத்தது. நீரோவை யாரும் ஓட்டுப் போட்டு வரவழைக்கவில்லை, அவன் வந்ததற்குச் சபை மகிழவும் இல்லை. ஆனாலும் ஸ்தோத்திரம் பட்டியலில் நிற்கிறது. நோக்கமும் அங்கேயே எழுதியிருக்கிறது: கலகமில்லாமல் அமைதலுள்ள ஜீவனம். நன்றி போகவேண்டிய திசை அது. ஆள் யார் என்பது அந்த வசனத்தில் இல்லை.

ஆதிச் சபை இதை எப்படிச் செய்தது என்பதற்குக் கார்த்தேஜைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் சாட்சி. கி.பி. 197 வாக்கில் எழுதிய வாதத்தில், சக்கரவர்த்திக்காகக் கிறிஸ்தவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று வரிசைப்படுத்துகிறார்: நீண்ட ஆயுள், பத்திரமான ஆட்சி, பாதுகாப்பான வீடு, தைரியமுள்ள படை, உண்மையுள்ள செனட், நேர்மையான மக்கள், அமைதியான உலகம். சக்கரவர்த்தியைப் புகழும் ஒரு வார்த்தை கிடையாது. அவரைக் கும்பிட மறுத்ததற்காகத்தான் அவர்கள் மேல் வழக்கே இருந்தது. வேண்டுதல் தாராளம், துதி கடவுளுக்கு மட்டும்.

ஜூன் 9-க்குத் திரும்பலாம். அன்றைய வாசகங்களை யாரும் தேர்தலுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் பொருத்தம் அசாதாரணமாக இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் அது பொதுக்காலம் 10-ம் ஞாயிறு, மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டு. நற்செய்தி மாற்கு 3:20-35, தனக்குத்தானே பிளவுபட்ட வீடு நிலைக்காது என்ற பகுதி. பதிலுரைப் பாடல் 130-ம் திருப்பாடல், ஆழ்ந்த துயரத்திலிருந்து எழும் மன்றாட்டு. உலகின் பல சீர்திருத்தச் சபைகள் பின்பற்றும் பொது வாசக அட்டவணையில் அதே ஞாயிறுக்கு முதலாம் சாமுவேல் 8 வந்தது: ஜனங்கள் ராஜா வேண்டும் என்று கேட்கிறார்கள். தீர்க்கதரிசி சாமுவேலுக்குப் பிடிக்கவில்லை. உங்கள் குமாரரை ரதத்துக்கு எடுப்பான், குமாரத்திகளைச் சமையலுக்கு எடுப்பான், வயலை எடுப்பான், தானியத்தில் பத்தில் ஒன்றை எடுப்பான் என்று எச்சரிக்கிறார். ஜனங்கள் கேட்கவில்லை, ராஜா வந்துவிட்டான்.

பிரசங்கிகள் பெரும்பாலும் 8-ம் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எரிச்சலாக இருக்கும்போது அது வசதியான இடம். ஆனால் தேர்தலில் தோற்ற மனநிலையில் இருப்பவருக்குரிய வசனம் நாலு அதிகாரம் தள்ளி இருக்கிறது. 12-ம் அதிகாரத்தில், தான் வேண்டாம் என்று சொன்ன ராஜாவை வைத்துக்கொண்ட அதே ஜனங்களிடம் சாமுவேல், உங்களுக்காக ஜெபிக்காமல் விட்டால் நான் கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்கிறவன் ஆவேன் என்கிறார். அவர் கருத்து மாறவில்லை. ஜெபமும் நிற்கவில்லை.

ஜெயித்த பக்கத்தில் இருப்பவருக்குரிய எச்சரிக்கை லூக்கா 18-ல் இருக்கிறது. தேவாலயத்தில் நின்ற பரிசேயன் செய்ததும் ஸ்தோத்திர ஜெபம்தான். "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்." வாக்கிய அமைப்பில் குறை சொல்ல முடியாது. நன்றிக்குக் காரணமாக இன்னொரு மனிதனைக் காட்டியதுதான் கோளாறு. தேர்தல் ஸ்தோத்திரங்களில் பாதி இந்த அச்சில் வார்த்தவை. "துன்மார்க்கரின் ஆட்சிக்கு முடிவு கட்டினீரே" என்று ஒருவர் ஜெபிக்கும்போது, அந்த ஆட்சிக்கு ஓட்டுப் போட்ட ஒருவர் பின்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். அவரால் ஆமென் சொல்ல முடியாது.

எழுதி வைத்த வழிபாட்டு நூல்களும் இதில் தவறியிருக்கின்றன. கத்தோலிக்கர் சிலர் போட்ட 1605 நவம்பர் 5 வெடிமருந்துச் சதியிலிருந்து மன்னரும் பாராளுமன்றமும் தப்பியதற்காக இங்கிலாந்தில் ஆண்டுதோறும் நன்றி ஆராதனை நடத்தச் சட்டமே போட்டார்கள். தப்பியது நன்றிக்குரியதுதான். ஆனால் அந்த நாள் சீக்கிரமே கத்தோலிக்கருக்கு எதிரான நாளாக ஆனது. 1859-ல்தான் அந்த ஆராதனையை இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள். இரண்டரை நூற்றாண்டு! நன்றியில் கலந்த கசப்புக்கு இவ்வளவு ஆயுள்.

எதிர்மாதிரியும் உண்டு. 1982 ஜூலை 26, பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஃபாக்லாந்து யுத்தம் முடிந்து லண்டன் தூய பவுல் பேராலயத்தில் நடந்த ஆராதனையில் கேன்டர்பரி பேராயர் ராபர்ட் ரன்சி, அர்ஜென்டினாவில் துக்கத்தில் இருக்கும் குடும்பங்களையும் சேர்த்து நினைத்தார். வெற்றி முழக்கத்தை எதிர்பார்த்து வந்த அரசியல்வாதிகளுக்கு அது ரசிக்கவில்லை. இத்தனைக்கும் ரன்சி இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படை அதிகாரியாக இருந்து வீரப்பதக்கம் வாங்கியவர்; யுத்தம் தெரியாத ஆள் என்று அவரை ஒதுக்க முடியவில்லை.

சரி, ஜெபத்தை எப்படி எழுதுவது? முதல் வேலை, எதற்கு நன்றி என்பதைத் தேடுவது. முடிவு எதுவானாலும் மாறாத நன்றிகளைத் தேடவேண்டும். தேடினால் தாராளமாகக் கிடைக்கும். அந்தத் தேர்தலில் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 98 கோடிப் பேர், ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 64.6 கோடி. வாக்குச்சாவடிகள் பத்தரை லட்சம். பணியாளர்களும் பாதுகாப்புப் படையினருமாக ஒன்றரைக் கோடிப் பேர். அருணாச்சலத்தில் மாலோகாம் என்ற இடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காக ஒரு குழு மலைப்பாதையில் நடந்துபோய்ச் சாவடி போட்டது. உத்தரப்பிரதேசத்தில் கடைசிக் கட்டத்தன்று வெயிலில் 30-க்கும் மேற்பட்ட தேர்தல் பணியாளர்கள் இறந்துபோனதாக அந்த மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி சொன்னார். இந்த நன்றிக்குக் கட்சி கிடையாது.

நம் ஊரில் இது இன்னும் நெருக்கமானது. மிஷன் பள்ளிகளும் டயோசிசன் பள்ளிகளும் வாக்குச்சாவடிகளாக இருக்கின்றன. அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் அதில் பணியாளர்கள். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஒன்றரை மணி நேரம் முன்னால் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, அதை அழித்து, இயந்திரத்துக்கு முத்திரை வைக்கவேண்டும். அதனால் முந்தின நாளே போய் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். 2019-ல் தமிழ்நாட்டு வாக்குப்பதிவு ஏப்ரல் 18, பெரிய வியாழன். தேதியை மாற்றக் கேட்டுப் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பாதம் கழுவும் சடங்கும் வாக்குப்பதிவும் ஒரே சாயங்காலத்தில் வந்தன. அந்த வாக்குச்சாவடியில் கையில் மை வைத்த டீச்சர் ஒருவர் உங்கள் பாடகர் குழுவில் இருக்கக்கூடும். அவருக்காக நன்றி சொல்ல ஒரு வரி போதும், யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது, பெயர் வேண்டாம், பதவி போதும். இங்கிலாந்தின் ஜெபப் புத்தகத்தில் மன்னர் பெயரை அச்சிடுவார்கள். மன்னர் மாறினால் பக்கத்தை மாற்றவேண்டும். 1947 ஆகஸ்டில் சுதந்திரம் வந்து ஆறு வாரத்தில், செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது. மன்னருக்கான ஜெபத்தின் இடத்தில் தேசத்துக்கான ஜெபம் வந்தது. "குடியரசுத் தலைவர், பிரதமர், முதலமைச்சர், எங்கள் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர்" என்று பதவிகளைச் சொன்னால், பெயர் கேட்டதும் சுருங்குகிற முகங்கள் சுருங்காது. ஜூன் 9 காலைச் சிக்கலுக்கும் விடை இதிலேயே இருக்கிறது: "ஆளும் பொறுப்பை ஏற்கிறவர்களுக்காக."

மூன்றாவது, இடம். கத்தோலிக்க விசுவாசிகள் மன்றாட்டுக்குத் திருப்பலி விதிகளே வரிசை தருகின்றன: முதலில் திருச்சபை, அடுத்து நாட்டை ஆள்வோரும் உலகமும், பிறகு துன்புறுவோர், கடைசியில் உள்ளூர்ச் சமூகம். இந்த வரிசையில் அரசு ஒரு மன்றாட்டுதான் பெறும். பெரிய வெள்ளியின் பத்துப் பெருமன்றாட்டுகளிலும் நாட்டை ஆள்வோருக்கு ஒன்பதாவது இடம். தேர்தல் வாரத்தில் உற்சாகம் மிகுந்து நாலு மன்றாட்டையும் அரசியலாக்கிவிடுகிறவர்கள் உண்டு. பிணியாளிக்கான ஜெபம் அந்த வாரம் காணாமல்போகும்.

ஒரு மாதிரி:

"சகலத்தையும் ஆளுகிற ஆண்டவரே, இந்தத் தேர்தலில் வாக்களித்த எங்கள் தேசத்து மக்களுக்காகவும், வெயிலிலும் இரவிலும் உழைத்த பணியாளர்களுக்காகவும் உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். பணியில் உயிர்விட்டவர்களின் வீட்டாரைத் தேற்றும். தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கு ஏழையின் வழக்கை நியாயமாய் விசாரிக்கும் இருதயத்தைத் தாரும். தோல்வியடைந்தவர்கள் சோர்ந்துபோகாதபடி காத்தருளும்; அவர்களுக்கு வாக்களித்தவர்களின் குரலும் கேட்கப்படச் செய்யும். மணிப்பூரில் முகாம்களில் இருக்கிறவர்கள் வீடு திரும்ப வழி திறந்தருளும். இந்த நாட்களில் எங்கள் வாயினாலும் கைப்பேசியினாலும் அயலாரைக் காயப்படுத்தியிருந்தால் எங்களுக்கு மன்னியும்."

வாசிக்க ஒன்றரை நிமிடம் ஆகாது. இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் ஜெபம் செய்தி வாசிப்பாக மாறும். அதற்கு மேல் போனால் கடவுளுக்கு நாட்டு நடப்பைத் தெரிவிக்கிற வேலை. தோற்றவர்களுக்கு ஒரு வரி இருப்பதைக் கவனியுங்கள். அந்தத் தேர்தலில் நின்றவர்கள் 8,360 பேர், வென்றவர்கள் 543. பெரும்பாலானவர்கள் 25,000 ரூபாய் வைப்புத்தொகையை இழந்து வீட்டுக்குப் போனவர்கள். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் அது திரும்பி வராது.

எழுதினதை வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பேரிடம் காட்டவேண்டும். இருவரும் வேறு வேறு கட்சி அபிமானிகளாக இருக்கவேண்டும். எந்தச் சபையிலும் யார் யார் என்று ஆயருக்குத் தெரியும். ஆமென் சொல்ல முடியாத வரியை ஒவ்வொருவரும் அடிக்கட்டும். மிஞ்சுவதை வாசிக்கலாம். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அந்தச் சபைக்கு வேறு பிரச்சினை இருக்கிறது. அடிபடும் வார்த்தைகள் எவை என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: "சத்துரு", "இருளின் ஆதிக்கம்", "விடுதலை தந்தீர்", "சிங்காசனத்தில் அமர்த்தினீர்". சொந்தமாக ஜெபிக்கும் வழக்கமுள்ள சபைகளில் சீட்டைப் பார்த்து வாசிப்பதை ஆவியில்லாத ஜெபம் என்பார்கள். அங்கே வாசிக்கவேண்டாம், ஜெபிக்கப்போகிறவரிடம் குறிப்பை இரண்டு நாள் முன்னால் கொடுத்தாலே போதும். எதிர்பாராமல் மைக் கொடுக்கப்பட்ட மூப்பர்தான் ஆபத்து.

தானியேல் 2:21 பற்றியும் சொல்லவேண்டும். ராஜாக்களைத் தள்ளி ராஜாக்களை ஏற்படுத்துகிறவர் என்ற வசனம் முடிவு வந்த அன்றே வாட்ஸ்அப்பில் படமாக வரும், ஜெயித்தவர் முகத்தோடு. தானியேல் அதைச் சொன்னது பாபிலோனில், தன்னைச் சிறைபிடித்து வந்த நேபுகாத்நேச்சாரின் ஆட்சியில், உயிர் தப்பும் நெருக்கடியில். அந்த ராஜா நல்லவன் என்ற சான்றிதழாக அதை யாரும் வாசிக்கமுடியாது. தேர்தல் முடிவை முன்னறிவிக்கும் தீர்க்கதரிசிகள் தனி ரகம். 2020 அமெரிக்கத் தேர்தலில் டிரம்ப் ஜெயிப்பார் என்று பலர் கர்த்தரின் பெயரால் சொன்னார்கள். நடக்காதபோது சிலர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள், கேட்டதற்காகச் சொந்தக் கூட்டத்தாரிடமே வசவு வாங்கினார்கள். இங்கே மன்னிப்புக் கேட்கும் வழக்கமும் இல்லை, வீடியோவை எடுத்துவிடுவார்கள்.

இனி காணிக்கை. பிறந்தநாள், திருமண நாள், பரீட்சையில் தேர்ச்சி என்று பெயர் வாசிக்கும் ஸ்தோத்திரக் காணிக்கையில், கட்சி ஜெயித்ததற்காக 1,000 ரூபாய் என்று ஒரு கவர் வரும். வாசித்தால் அடுத்த கட்சிக்காரரும் அடுத்த முறை கொண்டுவருவார், தொகையைக் கூட்டி. பணத்தை வாங்கிக்கொண்டு, பெயரை மட்டும் வாசித்து, காரணத்தை "தேவன் செய்த நன்மைகளுக்காக" என்று வைப்பது பொருளாளருக்குத் தெரிந்த பழைய உத்தி. வேட்பாளரே தரும் விலையுயர்ந்த பொருள் இன்னும் சிக்கல். திருச்சூர் லூர்து மாதா பேராலயத்துக்கு, அங்கே பாஜக வேட்பாளராக நின்ற நடிகர் சுரேஷ் கோபி 2024 ஜனவரியில் கொடுத்த கிரீடத்தில் எவ்வளவு தங்கம் என்பதே தேர்தல் பேச்சானது. பக்தியாகவே கொடுத்தாலும், நிறுத்துப் பார்ப்பது ஊர்தான்.

வென்றவர் நன்றி சொல்ல ஆலயத்துக்கு வருவார். வரட்டும், எல்லாரும் வரலாம். பெஞ்சில் உட்காரட்டும். பீடத்தில் நாற்காலி, மைக், பொன்னாடை மூன்றும் கூடாது. மரியாதைக் குறைவு என்று வருத்தப்படும் கமிட்டி உறுப்பினரிடம் சட்டத்தைக் காட்டலாம். நடத்தை விதிகள் ஜூன் 6-ம் தேதியே விலக்கப்பட்டதால் இனி தடையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 1988-ம் ஆண்டின் மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தலைத் தடுக்கும் சட்டம் வருடம் முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. மத நிறுவனத்தின் இடத்தையோ பணத்தையோ, அது நடத்தும் கூட்டத்தையோ அரசியல் செயல்பாட்டுக்கு விடக்கூடாது. மீறினால் ஐந்து ஆண்டுவரை சிறை, 10,000 ரூபாய்வரை அபராதம். முதலில் மாட்டிக்கொள்வது நிர்வாகி.

முடிவினால் உண்மையிலேயே பயந்துபோனவர்களிடம் எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று உபதேசிப்பது கொடுமை. சங்கீதம் 13-ஐப் பாருங்கள்: எதுவரைக்கும் என்ற முறையீடு முதலில், வேண்டுதல் நடுவில், நம்பிக்கை கடைசியில். முறையீட்டைத் தாண்டிக் குதித்து நம்பிக்கைக்குப் போகச் சொல்லவில்லை. 2023 மே 3-ல் தொடங்கிய மணிப்பூர் வன்முறையில் ஆலயங்கள் எரிந்தன. அடுத்த ஆண்டு தேர்தலில் நிவாரண முகாம்களில் இருப்பவர்களுக்குத் தனி வாக்குச்சாவடி போட்டார்கள். ஓட்டுரிமை முகாம்வரை வந்தது, சொந்த வீடு இல்லை. மாதிரி ஜெபத்தில் அந்த வரி நன்றியில் வராமல் வேண்டுதலில் வருவது அதனால்தான்.

நன்றி சொல்லத்தக்க தேர்தலை நடத்தவைப்பதிலும் சபைக்கு வேலை உண்டு. மிசோரமில் சபைகளின் ஆதரவில் 2006-ல் உருவான மிசோரம் மக்கள் மன்றம் வேட்பாளர்களை ஒரே மேடையில் ஏற்றிப் பேசவைக்கிறது, ஆடம்பரச் செலவுக்குத் தடைபோடுகிறது. நாகாலாந்து பாப்டிஸ்ட் சபைகளின் பேரவை 2012 முதல் தூய தேர்தல் இயக்கம் நடத்துகிறது. ஓட்டுக்குப் பணம் வாங்கிவிட்டு முடிவுக்கு ஸ்தோத்திரம் சொல்வதில் என்ன இருக்கிறது என்பதே அவர்கள் கேள்வி. நம் பக்கத்துப் பிரசங்கபீடங்களில் அது அபூர்வமாகத்தான் கேட்கிறது. 2023-ல் மிசோரம் வாக்கு எண்ணிக்கை டிசம்பர் 3, ஞாயிறு என்று அறிவித்திருந்தார்கள். சபைகளும் கட்சிகளும் சேர்ந்து கேட்டதில் தேர்தல் ஆணையம் அதைத் திங்களுக்கு மாற்றியது.

ஒரு ஞாயிறோடு இது முடிவதில்லை. முடிவு வந்த வாரம் ஆளுவோருக்காக ஜெபிப்பவர்கள் மூன்றாம் வாரம் மறந்துபோவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறை இதற்கென்று குறித்து, பாராளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், கலெக்டர், பஞ்சாயத்துத் தலைவர் என்று சுற்றிவரும் தாளை ஆலய அலுவலகத்தில் ஒட்டிவைப்பது நல்லது. யாராவது மாறினால் திருத்தவும் வேண்டாம், பதவிதானே எழுதியிருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த வருடம் ஓய்வே கிடைக்கவில்லை. ஜூன் 9 மாலை பிரதமர் பதவியேற்றார். மறுநாளே விக்கிரவாண்டி இடைத்தேர்தலை அறிவித்துவிட்டார்கள். வாக்குப்பதிவு ஜூலை 10, எண்ணிக்கை 13, சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு.